கண்ணாடியைக் கழற்றிய பிறகும்

முதல் கண்ணாடி ஒரு செவ்வாய்க்கிழமை தயாரானது. கணவன் அதைத் தானே துடைத்தான். காதோரக் கம்பியை வளைத்துச் சரிபார்த்து அவள் மூக்கில் மாட்டிவிட்டு, இரண்டடி பின்னால் போய் நின்றான்.

“இப்ப?”

கடைக்குள் எல்லாமே கூர்மையாகத் தெரிந்தன. எதிர்ச் சுவரில் வரிசையாக மாட்டியிருந்த சட்டங்கள், அவற்றின் விலைச்சீட்டு, சீட்டில் ஈ உட்கார்ந்துவிட்டுப் போன புள்ளி. தலைவலியும் முன்போலவே கூர்மையாக இருந்தது.

“நல்லா தெரியுதுங்க.”

“தலைவலி?”

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். பரீட்சை முடிவு ஒட்டும் பலகைக்கு முன்னால் நிற்கும் பையனைப்போல நின்றுகொண்டிருந்தான். பாவமாக இருந்தது.

“கொஞ்சம் பரவாயில்ல.”

“பாத்தியா! நான்தான் சொன்னேன்ல!” என்று மேசையில் ஒரு தட்டு தட்டினான். அந்தச் சத்தம் அவள் மண்டைக்குள் போய் வெகுநேரம் சுற்றியது. சிரித்து வைத்தாள்.

அவளுக்கு அப்போது ஏழாம் மாதம். தலைவலி தொடங்கிப் பத்து நாள் ஆகியிருந்தது. வலது புருவத்துக்கு மேல் ஆரம்பிக்கும். நெற்றிப்பொட்டைச் சுற்றிக்கொண்டு பிடரியில் போய் உட்காரும். காலையில் அவள் விழிப்பதற்கு முன்பே அது விழித்திருக்கும். வாடகை கொடுக்காமல் குடியேறிய ஆள், வீட்டுக்காரியையே வாசலுக்குத் தள்ளிவிட்ட கதையாக இருந்தது.

கணவன் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருந்தான். பார்வை சோதிக்கப் படித்தவன். தலைவலி என்று யார் வந்தாலும் முதலில் கண்ணைத்தான் பார்ப்பான். பத்துப் பேரில் ஏழு பேருக்கு அதில் குணமும் ஆனது. வயிற்றில் பிள்ளை இருக்கும்போது பவர் லேசாக மாறும் என்று அவன் படித்த புத்தகத்திலேயே இருந்தது. அவள் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த மூன்றாம் நாளே உள்ளறையில் உட்காரவைத்துச் சோதித்தான். அறை சின்னது; இடவலம் மாற்றி எழுதிய எழுத்துப் பலகையை அவள் தலைக்குப் பின்னால் மாட்டி, எதிரே ஒரு நிலைக்கண்ணாடியில் பார்க்கவைப்பான். கனமான சோதனைச் சட்டத்தை மாட்டி வில்லைகளை ஒவ்வொன்றாகச் செருகினான்.

“இது நல்லாருக்கா, அது நல்லாருக்கா?”

“ரெண்டும் ஒண்ணாதான் இருக்கு.”

“அப்படிச் சொல்லக் கூடாது. நிதானமா பாரு.”

நிதானமாகப் பார்த்தாள். சட்டத்தின் கனம் மூக்கை அழுத்தியது. சீக்கிரம் முடியட்டும் என்று, “இது” என்றாள். அவன் குறித்துக்கொண்டான்.

கடைக்கு மேலேயே வீடு. இரண்டு அறைகள். உறவு என்று சொல்லிக்கொள்ள அந்த ஊரில் ஒருவரும் கிடையாது. அம்மா தொலைவில் இருந்தாள். படுத்த படுக்கையாக இருந்த அப்பாவை விட்டு நகர முடியாதவள். போனில்தான் பேச்சு.

“எல்லாருக்கும் வர்றதுதான்டி. நல்லா தூங்கு.”

“தூங்கத்தாம்மா முடியல.”

“அப்ப சும்மா கண்ணை மூடிப் படுத்துக்கோ. எனக்கும் நீ வயித்துல இருந்தப்ப மண்டையப் பிளந்துச்சு. என்ன செத்தா போயிட்டேன்?” பின்னால் அப்பாவின் இருமல் கேட்கும். “இரு, உங்கப்பா கூப்பிடறார்.” அத்துடன் போன் அணைந்துவிடும்.

அவளாகவே சில வித்தைகளைக் கண்டுபிடித்தாள். ஈரத்துணியைப் பிழிந்து கண்மேல் போடுவது. எலுமிச்சம்பழத்தைக் கீறி முகர்வது. மாடிப்படியில் நிறைகுடத்தைத் தலையில் வைத்திருப்பவளைப்போல இறங்குவது. தும்மல் வந்தால் மூக்கைப் பிடித்து அடக்குவது. டாக்டர் அனுமதித்த மாத்திரையைக் காலையில் ஒன்று போடுவாள். அது வலியின் ஓரத்தை மட்டும் கொஞ்சம் மழுக்கும். எல்லாவற்றையும்விட நல்லது வில்லைகள் வைக்கும் இரும்பு அலமாரி. வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் அதன் கதவில் நெற்றியை ஒட்டவைத்து நிற்பாள். இரும்பு சூடாகும்வரை சுகம். சூடானதும் ஒரு சாண் தள்ளி, இன்னொரு குளிர்ந்த இடம். கதவு முழுக்க அவள் நெற்றி பட்ட வட்டங்கள். கணவன் அவற்றைத் துடைத்தான். எதனுடைய தடம் என்று கேட்கவில்லை.

கை முறிந்தால் கட்டோடு காட்டலாம். காய்ச்சலென்றால் தொட்டுப் பார்க்கச் சொல்லலாம். இதை எப்படிக் காட்டுவது? வீட்டில் இரண்டு பேர், வயிற்றுக்குள் மூன்றாவதாக ஓர் ஆள். வலிக்குள் மட்டும் அவள் தன்னந்தனி.

மாலையில் அவன், “இன்னைக்கு எப்படி?” என்பான். அவள் டம்ளரில் டீயை நீட்டுவதுபோல, “பரவாயில்ல” என்பதையும் நீட்டிவிடுவாள். அவன் குடித்துவிட்டு நிம்மதியாக வேலைக்குப் போவான். அவன் விரல்கள் அவள் காதையும் மூக்கையும் தொட்டுத்தொட்டுச் சரிசெய்தன. நெற்றியில் ஒரு தடவை கையை வைத்திருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பாளோ என்னவோ.

மாதாந்தரப் பரிசோதனைக்கு இருவரும் போனார்கள். நர்ஸ் அவள் கையில் ரத்த அழுத்தப் பட்டையைச் சுற்றி அழுத்திப் பார்த்தாள்.

“நூத்தி முப்பத்தாறு, எண்பத்தெட்டு. போன மாசத்தைவிட ஏறியிருக்கே. தலைவலி ஏதாவது இருக்காம்மா? கண்ணு மங்கறது?”

அவள் வாயைத் திறந்தாள். அதற்குள் கணவன் முந்திக்கொண்டான்.

“இருந்துச்சு சிஸ்டர். பவர் மாறியிருந்தது. கண்ணாடி மாத்தினதும் சரியாயிடுச்சு. நான் அந்தத் தொழில்தான்.”

“ஓ, வீட்டுலயே டாக்டர்!” நர்ஸ் சிரித்தாள். “அப்ப சரி. தலைவலி இருந்திருந்தா ரத்தம், சிறுநீர் எல்லாம் பாத்துட்டு நாளைக்கே திரும்ப வரச் சொல்லியிருப்பேன். மூணு வாரம் கழிச்சு வாங்க.”

இதுதான் சமயம் என்று அவளுக்குத் தெரிந்தது. ‘சரியாகல’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் மூன்றாவது மனுஷி முன்னால் அவன் தொழிலை எப்படிப் பொய்யாக்குவது? அவன் ஒன்றும் தானாகக் கதை அளக்கவில்லையே. அவள் சொன்னதைத்தானே சொல்கிறான்? திறந்த வாயில் ஒரு கொட்டாவியை வரவழைத்து மூடிக்கொண்டாள். நர்ஸ் அட்டையில் ‘தலைவலி: சரியாகிவிட்டது’ என்று எழுதினாள்.

நாலு நாள் கழித்து அவன்தான் அவளைப் பிடித்தான். சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். கன்னம் நனைந்திருந்தது.

“திரும்ப வலிக்குதா?”

“லேசா.”

அவன் கண்ணாடியை வாங்கிக் கருவியில் வைத்துப் பார்த்தான். முகம் சுருங்கியது. “வில்லை உக்கார்ற கோணம், ஆக்ஸிஸ், ரெண்டு டிகிரி தள்ளியிருக்கு. என் தப்புதான். என்னை மன்னிச்சிரு.” அன்றைக்கே இரண்டாவது கண்ணாடி செய்தான். அவன் மன்னிப்புக் கேட்டுவிட்டதால் பொய்க்கு இன்னும் எடை கூடிவிட்டது. இரண்டாவதுக்கும், “பரவாயில்ல” என்றாள்.

அவள் முகம் அப்போதும் தெளியாததைப் பார்த்து, இருபத்திரண்டாம் நாள் காலையில் மூன்றாவது கண்ணாடிக்கான வில்லையைத் தன் கண்முன்னால் கடைய வேண்டும் என்று அவன் பட்டறைக்குப் போனான். பட்டறை நகரத்தின் மறுகோடியில் இருந்தது. கடையில் அவள் மட்டும். பதினொரு மணி வாக்கில் ஒரு பஸ் டிரைவர் கையில் கண்ணாடியோடு நுழைந்தார். போன வாரம் வாங்கிப் போனவர். பெரிய குரல்.

“என்னம்மா இது? இதைப் போட்டுக்கிட்டா படிக்கட்டெல்லாம் பள்ளமா தெரியுது. என் பொண்டாட்டி அழகா தெரியறா. ரெண்டும் ஆபத்து. மாத்திக் குடுங்க.”

அவள் சிரிக்கப் பார்த்தாள். அவருடைய சீட்டை எடுத்துப் படித்தாள். வார்த்தைகளின் நடுவில் எழுத்துகள் இல்லை. முதல் எழுத்து இருந்தது, கடைசி எழுத்து இருந்தது, இடையில் பூச்சி தின்றதுபோல ஓட்டை. வலது ஓரத்தில் ஏதோ மினுங்கியது. வெயிலில் காயும் தார்ச்சாலைக்கு மேல் காற்று நெளியுமே, அப்படி. அதற்குள் வெள்ளி மணிகள்.

கண்ணாடியில் கோட்டிங் உரிந்திருக்கும் என்று நினைத்துக் கழற்றினாள். கடை மங்கியது. சட்டங்கள் கலங்கின, டிரைவரின் மீசை கலங்கியது. மினுக்கம் மட்டும் கலங்கவில்லை. இடது கண்ணைப் பொத்தினாள், இருந்தது. வலது கண்ணைப் பொத்தினாள், அப்போதும் இருந்தது.

மூன்று வருஷமாக இந்தக் கடையில் அவள் நூறு பேருக்குச் சொல்லியிருப்பாள்: கண்ணாடியில் குறை இருந்தால், கழற்றியதும் அந்தக் குறையும் கூடவே போய்விடும் என்று. இது போகவில்லை. அப்படியானால் இது கண்ணாடி சம்பந்தப்பட்டதே இல்லை. வலது விலாவுக்குக் கீழே காலையிலிருந்து இருந்த வலியும், அவள் நினைத்ததுபோலப் பிள்ளை உதைத்ததால் வந்தது இல்லை என்று அப்போதுதான் பட்டது. மேசையைப் பிடித்துக்கொண்டாள்.

“என்னம்மா, முகம் வெளுத்துப்போச்சு?” டிரைவரின் குரல் பாதியாகிவிட்டது. “நான் சண்டை போடவெல்லாம் வரல. உக்காருங்க.”

அவள் கணவனைக் கூப்பிட்டாள். எந்திரச் சத்தத்துக்கு நடுவே அவன் உற்சாகமாகப் பேசினான்.

“முடியப்போகுது. பாலிஷ் ஓடிட்டிருக்கு. இந்தத் தடவை பாரு...”

“எனக்குத் தலைவலி போகவே இல்லைங்க.”

“போயிரும்மா. அதுக்குத்தான் இதை...”

“முதல் கண்ணாடிலயும் போகல. ரெண்டாவதுலயும் போகல. ஒரு நாள்கூட குறையல. நான் உங்ககிட்ட பொய் சொன்னேன்.”

எந்திரச் சத்தம் தள்ளிப் போனது. பிறகு அவன், “ஏன்?” என்றான்.

அதற்கு நீளமான பதில் இருந்தது. நேரம் இல்லை.

“கண்ணுல என்னமோ மினுங்குது. நான் ஆஸ்பத்திரிக்குப் போறேன். நீங்க நேரா அங்க வந்துருங்க.”

டிரைவர் அதற்குள் சாலையில் இறங்கி ஒரு டாக்ஸியை மறித்திருந்தார். ஷட்டரை இழுத்துப் பூட்டிச் சாவியை அவள் உள்ளங்கையில் வைத்து விரலை மடக்கினார். முன்சீட்டில் ஏறிக்கொண்டு வழி முழுவதும் டாக்ஸிக்காரனை ஆட்டிவைத்தார். “பள்ளம் பாத்து. ஏய், பிரேக்கை மிதிக்காத, தடவு. இருபது வருஷம் பஸ் ஓட்டினவன் சொல்றேன், நடுவுல எந்த ஸ்டாப்பும் கிடையாது.” ஆஸ்பத்திரி வாசலில் அவளை இறக்கிவிட்டு மணியைப் பார்த்தார். அவருக்கு வண்டி எடுக்கும் நேரம். “வீட்டுக்காரர் வந்துருவார்ல?” என்று இரண்டு தடவை கேட்டுவிட்டுப் போனார். அவர் கண்ணாடி அவள் கைப்பையில் இருந்தது. இருவருமே அதைக் கவனிக்கவில்லை.

அதே நர்ஸ்தான் இருந்தாள். அட்டையைப் புரட்டினாள். “தலைவலி சரியாயிடுச்சுன்னு எழுதியிருக்கேனே?”

“சரியாகல. அன்னைக்கும் இருந்துச்சு. நான் சொல்லல.”

“மொத்தம் எத்தனை நாளா?”

“இருபத்திரண்டு.”

திட்டுவாள் என்று காத்திருந்தாள். நர்ஸ் திட்டவில்லை. பட்டையைச் சுற்றி அழுத்தினாள், மறுபடியும் அழுத்தினாள், எழுந்து வேகமாக நடந்தாள். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. நூற்று எழுபத்திரண்டு, நூற்றுப் பன்னிரண்டு. யாரோ சக்கர நாற்காலியைக் கொண்டுவந்தார்கள்.

டாக்டர் சுருக்கமாகப் பேசும் பெண்மணி. “ரத்த அழுத்தம். கர்ப்பத்தால வர்றது. வலிப்பு வந்துட்டா உங்களுக்கும் ஆபத்து, குழந்தைக்கும் ஆபத்து. வராம இருக்க மருந்து ஏத்தறோம், உடம்பெல்லாம் நெருப்பா இருக்கும், பயப்படாதீங்க. குழந்தையோட நுரையீரல் பலமாக ஊசி போட்டிருக்கேன். அது முழுசா வேலை செய்ய நாப்பத்தெட்டு மணி நேரம் வேணும். உங்க உடம்பு தாங்கினா காத்திருப்போம். தாங்கலன்னா உடனே எடுத்துருவோம்.”

“இன்னும் முன்னாடி வந்திருந்தா?”

டாக்டர் அவளைப் பார்த்தார். “இன்னைக்கு வந்தீங்களே. நாளைக்குன்னா இந்தப் பேச்சே இருந்திருக்காது.”

மருந்து ஏறியது. கையிலிருந்து தோளுக்கு, தோளிலிருந்து கழுத்துக்கு, வெந்நீரை உள்ளுக்குள் ஊற்றியதுபோல. சன்னல் திரையை இழுத்துவிட்டு, விளக்கை அணைத்து, இடதுபுறம் திருப்பிப் படுக்கவைத்தார்கள்.

கணவனை ஐந்து நிமிஷத்துக்கு உள்ளே விட்டார்கள். சட்டையெல்லாம் பட்டறைத் தூள். கட்டிலருகே நின்றான். கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

“தண்ணி வேணுமா?”

“குடிக்கக் கூடாதாம்.”

“ம்.”

கம்பியில் ஒட்டிய தூளை விரலால் துடைத்தான்.

“ஏன்னு கேட்டேன்.”

“நீங்க அவ்வளவு சந்தோஷப்பட்டீங்க,” என்றாள். “வேற ஒண்ணுமில்ல.”

அவன் தலையாட்டினான். மறுபடியும் தலையாட்டினான். ஐந்து நிமிஷம் முடிந்துவிட்டது என்று நர்ஸ் வந்தாள். அவன் கம்பியிலிருந்து கையை எடுக்க இன்னொரு நிமிஷம் ஆனது. போகும்போது கதவைச் சத்தமில்லாமல் சாத்தினான்.

பிறகு அவள் மட்டும். வயிற்றில் கட்டிய பட்டையிலிருந்து பிள்ளையின் நெஞ்சுத் துடிப்பு அறை முழுக்கக் கேட்டது. யாரோ அவசரமாக மாடியேறுகிறமாதிரி. பக்கத்துக் கட்டில் காலி. மணிக்கொரு தரம் நர்ஸ் வந்து எண்ணைப் பார்த்துவிட்டுப் போவாளாம். முதல் தடவை வந்தாள். “நூத்தி அம்பத்தாறு. இறங்குது,” என்று எழுதிக்கொண்டு போனாள்.

வலி பிடரியிலிருந்து எழுந்து, மெதுவாக, ஓரமாக நகர்ந்தது. முழுதாகப் போகவில்லை. போகத் தொடங்கியிருந்தது. இருபத்திரண்டு நாளில் முதல் தடவையாக அது நிஜமாகவே குறைந்தபோது, சொல்வதற்குப் பக்கத்தில் ஆள் இல்லை. அவள் கண்ணை மூடிக்கொண்டு அந்தத் துடிப்பைக் கேட்டாள். நாற்பத்தெட்டில் ஒரு மணி நேரம் முடிந்திருந்தது.