மூன்றாம் பங்குக்காரர்

சொர்ணத்தின் வயல் வெடித்துக் கிடந்த கிடப்பைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். ஒரு வெடிப்பில் விழுந்த ஆட்டுக்குட்டி மறுநாள் சிங்கப்பூரில் எழுந்து நின்று கத்தியதாகப் பேச்சு. கதிர் பால் பிடிக்கிற நேரம் வேறு. இன்றைக்குத் தண்ணீர் பாயாவிட்டால் அத்தனையும் பதர். பங்குக் கிணற்றில் தண்ணீர் ததும்பிக்கொண்டுதான் இருந்தது. மோட்டார்தான் பூட்டிக் கிடந்தது.

எல்லாம் துபாயிலிருக்கும் அவள் மகன் வசந்த் செய்த வேலை. சொர்ணத்துக்கும் கொழுந்தன் முத்துராஜுக்கும் தண்ணீர் முறையில் சண்டை வந்தால் குன்றாண்டார்கோவில் ஊர்க் காக்கைகள் மாவட்டம் மாறிப் போய்விடும். லீவில் வந்தவன் பொறுக்கமாட்டாமல் கிணற்றையே பிளாக்செயின் என்கிற கணினிக் கணக்கில் ஏற்றிவிட்டான். அவரவர் முறைக்கு மோட்டார் தானே ஓடும், தானே நிற்கும். போட்ட ஒப்பந்தத்தைப் போட்டவனாலும் அழிக்க முடியாது. தகராறு என்று யாராவது போனில் அமுக்கினால் மோட்டார் பூட்டிக்கொள்ளும். உலகத்தின் ஏதோ மூலைகளில் இருக்கும் முகம் தெரியாத மூன்று பேர் ஆன்லைனில் விசாரித்துத் தீர்ப்புச் சொல்வார்கள்.

அந்தக் கிணற்றில் கருப்பருக்கும் ஒரு பங்கு உண்டு. சாமி முறைத் தண்ணீர் கோயில் வயலுக்கு. "சாமிக்கும் ஒரு கணக்குத் தொறந்துருப்பா" என்றார்கள் பெரியவர்கள். வசந்த் சிரித்துக்கொண்டே திறந்தான். அதைத் திறக்கும் ரகசியச் சொற்கள் மனுசர் கையில் இருக்கக் கூடாதாம். அச்சடித்து மடித்த தாளை யாரும் பிரித்துப் பார்க்காமல் கருப்பர் முன்னால் சூடத்தில் கொளுத்தி, சாம்பலைக் கிணற்றில் கரைத்துவிட்டார்கள். வசந்த் தலையில் அடித்துக்கொண்டான்.

இப்போது, சாமி முறையில் மதினி திருட்டுத்தனமாகப் பாய்ச்சிவிட்டாள் என்று முத்துராஜ் தகராறு அமுக்கியிருந்தான். திருடியதே கொழுந்தன்தான் என்று சொர்ணம் பதில் போட்டாள். இரு தரப்பும் ஆதாரம் தரவேண்டும் என்று செய்தி வந்தது.

உச்சி வெயிலில் இருவரும் மோட்டார் கொட்டகையில் போனும் கையுமாக நின்றார்கள்.

"எடுங்க மதினி ஆதாரத்த. இருந்தாத்தானே எடுப்பீக."

"ஒங்க முழியே ஆதாரந்தான் தம்பி. போட்டோ புடிச்சு அனுப்பவா?"

இரண்டு போனும் ஒரே நேரத்தில் அதிர்ந்தன. 'மூன்றாம் பங்குதாரர் ஆதாரம் தாக்கல் செய்துள்ளார்.'

திறந்து பார்த்த சொர்ணம் உடனே மகனைப் போனில் கூப்பிட்டாள். "ஏலேய், சாமி கணக்குல நீயா போட்டோ அனுப்புன?"

"நான் வேலையில இருக்கேன் ஆத்தா. அதத் தொறக்க என்னால முடியாது. யாராலயும் முடியாது." பிறகுதான் கேட்டான். "என்ன போட்டோ?"

அவள் போனை வைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். தண்ணீருக்கடியிலிருந்து மேலே பார்த்து எடுத்த படங்கள் அவை. ஓரத்தில் ஒரு கெண்டையின் வால். கலங்கிய வட்டமாக வானம். அந்த வட்டத்தின் விளிம்பில், காலை வெளிச்சத்தில், வால்வைத் தன் வயல் பக்கம் திருப்பியபடி இங்கிட்டும் அங்கிட்டும் பார்க்கிற சொர்ணம். அடுத்த படத்தில் அதே வால்வு, அதே பார்வை, மத்தியான வெயில், முத்துராஜ்.

இருவரும் ஒரே நேரத்தில் போனைக் கவிழ்த்துக்கொண்டார்கள். மரத்திலிருந்த புறா அனத்துவதை நிறுத்திவிட்டது.

தீர்ப்பு வர வெகுநேரம் ஆகவில்லை. 'இரு தரப்பும் தவறு செய்துள்ளனர். இனி மூன்றாம் பங்குதாரரின் சம்மதம் இருந்தால் மட்டுமே மோட்டார் இயங்கும். இத்தீர்ப்பு இறுதியானது.'

சொர்ணம் கிணற்று விளிம்புக்குப் போனாள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு குனிந்தாள்.

"ஐயா கருப்பரே, திருடுனது நெசந்தான். பயிரு காயறதப் பாத்துக்கிட்டுச் சும்மா இருக்க முடியல. வயித்தக் கட்டி வளத்த நெல்லு. இன்னிக்கு விட்டுக் குடுங்க."

கீழே, காற்றே இல்லாமல், தண்ணீரில் ஒரு சுழி விழுந்தது. மெதுவாகப் பெரிதாகி, கல்சுவரைத் தொட்டு அடங்கியது. அவள் போனில் ஒரே சொல் வந்தது: சம்மதம்.

மோட்டார் உறுமியது. குழாயில் தண்ணீர் யானைத் தும்பிக்கை கனத்தில் பாய்ந்தது. அந்த வெயிலிலும் அது பனிக்கட்டியாகக் குளிர்ந்தது.

முத்துராஜ் கொட்டகையை விட்டு அசையவே இல்லை. "மதினி, எனக்கும் சேத்து ஒரு வார்த்த கேட்டுருங்களேன்."

"வாய் இருக்குல்ல, நீங்களே கேளுங்க."

"போன்லயே கேட்டுட்டேன்." திரையைக் காட்டினான். ஒரே வரி.

'கீழே இறங்கி வந்து கேள்.'

சொர்ணம் அதை இரண்டுதரம் படித்தாள். "நீச்சல் தெரியும்ல தம்பி?" என்று கேட்டுவிட்டு, மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு மடையைத் திறக்கப் போனாள். திரும்பிப் பார்க்கவில்லை.