குப்பன் மாமாவுக்குச் சுட்ட பஜ்ஜி

எனக்குக் கோபம் அதிகம் என்று மலையில் ஒரு பேச்சு உண்டு. யார் கிளப்பிவிட்டது என்று எனக்குத் தெரியும். ஆள் இன்றைக்கும் நன்றாகத்தான் இருக்கிறான். ஆலங்காயம் சந்தையில் என்னைப் பார்த்தால் புளி மூட்டைக்குப் பின்னால் போய்க் குனிந்துகொள்கிறான். அவன் சங்கதி பிறகு வரும். முதலில் பஜ்ஜியைச் சொல்லிவிடுகிறேன்.

எழுபத்தெட்டாம் வருஷம், எனக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். பேசினார்கள் என்ன, குப்பன் மாமா ஒருவர்தான் பேசினார். அம்மாவோடு கூடப் பிறந்தவர். அப்பா செத்துப்போன வீடு எங்களுடையது. அப்படிப்பட்ட வீட்டுப் பெண்ணுக்குத் தாய்மாமன்தான் எல்லாம். மாமன் தன் பிள்ளைக்குக் கேட்டால் வேறு யாரும் கேட்க முடியாது. 'விட்டுக் குடுத்தேன்' என்று ஊர்க்கவுண்டர் முன்னால் அவர் வாயால் சொன்னால்தான் வெளியில் கொடுக்கலாம். மாமாவுக்கு ஒரே பிள்ளை, தேவராஜ். என்னை அவனுக்கென்று மாமா எப்போதோ முடிவு செய்துவிட்டார்.

தேவராஜைப் பற்றிக் கெட்டதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. நல்லதாகவும் இல்லை. அவன் பேசி நான் கேட்டதே கிடையாது. அப்பன் பேசும்போது பிள்ளை எங்கே பேசுவது? குப்பன் மாமா வாயைத் திறந்தால் சாமை விதைப்பில் ஆரம்பித்து அறுப்பில்தான் நிறுத்துவார். ஊர்க்கூட்டத்தில் அவரை யாரும் ஜெயித்தது கிடையாது. நியாயம் அவர் பக்கம் இருந்ததென்று நினைத்துவிடாதீர்கள். மற்றவர்களுக்குக் கால் மரத்துப்போய்விடும், எழுந்து வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

எனக்கு வேண்டியிருந்தது அருணகிரி. காவலூரில் ராத்திரியெல்லாம் பெரிய குழாய் வைத்து நட்சத்திரம் பார்க்கிறார்களே, அவர்களுக்குச் சோறு போடுகிற சமையற்கட்டில் அவனுக்கு வேலை. தாய் தகப்பன் இல்லாதவன். அதிகம் பேச மாட்டான். குப்பன் மாமாவுக்கு மருமகளாகப் போக வேண்டியவளுக்கு, பேசாத ஆம்பளை என்றால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அவன் ஊர்க்கவுண்டர் முன்னால் என்னைப் பெண் கேட்கவிருந்த கூட்டத்துக்கு முந்தின நாள் அருணகிரி ஓடைப் பக்கம் வந்து நின்றான்.

"உங்க மாமனுக்கு இன்னா புடிக்கும்?" என்று கேட்டான்.

"பேசறது."

"அது இல்ல. துன்றதுல."

"மொளகா பஜ்ஜி. சந்தைக்குப் போனா பஜ்ஜிக் கடை அடுப்பாண்ட குந்திக்கும். எழுப்பவே முடியாது."

அவன் துணிப்பையிலிருந்து மந்தாரை இலையில் சுற்றின ஒரு கட்டியை எடுத்தான். மஞ்சளாக, வட்டமாக, கெட்டியாக இருந்தது.

"இதும் பேரு சீஸு. பால்ல பண்றது. பெங்களூர்லருந்து டப்பாவுல வரும். எங்க சமையல் மேஸ்திரி குட்த்தாரு."

எங்கள் வீட்டில் மாட்டைக் கறக்கிற வழக்கமில்லை, பால் கன்றுக்குத்தான். பாலை வைத்துச் செங்கல் அறுப்பார்கள் என்று எனக்கெங்கே தெரியும்? "மெழுகு மாரி கீதே" என்றேன்.

"மெழுகு இல்ல. மொளகாவைக் கீறி வெதய எடுத்துட்டு இத உள்ள வெச்சி, மாவுல முக்கிப் போடு. சூடா துன்னா வாயில நூல் நூலா இழுக்கும். எங்க மேஸ்திரி சுட்டா பெரிய பெரிய ஆப்பீசருங்களே பேச்ச நிறுத்திடுவாங்க."

பேச்சை நிறுத்துவார்கள் என்றதும் எனக்கு உயிரே வந்தது. மாமன் மனசு இளகுகிறதோ இல்லையோ, தின்கிற நேரமாவது வாயை மூடுவாரே!

கட்டியைக் கொண்டுபோய்ப் பரண்மேல் வைத்தேன். அங்கே வேறு என்ன இருந்தது? தேனடையை உருக்கி, வடிகட்டி, பழைய டப்பாவில் ஊற்றி ஆறவைத்து அம்மா எடுத்து வைத்திருந்த மெழுகுக் கட்டி. அதுவும் மஞ்சள். அதுவும் வட்டம். அதற்கும் மந்தாரை இலைதான் சுற்று. விளங்கிவிட்டது இல்லையா? சிரிக்காதீர்கள். எனக்கு அன்றைக்கு விளங்கவில்லை.

மறுநாள் மிளகாய் கீற உட்கார்ந்தேன். சந்தையில் வாங்கின பஜ்ஜி மிளகாய்தான், ஆனால் அந்த வருஷத்து மிளகாய்க்கு என்ன வெறியோ, விதையைச் சுரண்டச் சுரண்ட விரல் எரிந்தது. மூக்கில் தண்ணீர். புறங்கையால் துடைத்தேன். கண்ணில் தண்ணீர். அதையும் அதே கையால் துடைத்தேன். அவ்வளவுதான்! கண் ரெண்டும் மூடிக்கொண்டது, மூக்கு அடைத்துக்கொண்டது.

"ம்மோவ், அந்தப் பரண்மேல கீறத எடு!" என்று கத்தினேன்.

"நான் மாவு கரைக்கிறேன், நீயே எடு. சொம்மா கத்தாத, அம்மாக்கண்ணு" என்றாள் அம்மா.

கத்தினேனாம். கண் எரிகிறவள் பாட்டா பாடுவாள்? கண்ணை மூடிக்கொண்டே பரண்மேல் கையை விட்டு, முதலில் அகப்பட்ட இலைச் சுற்றை எடுத்தேன். பிரித்து அறுத்தேன். கத்தி லேசில் இறங்கவில்லை. பெங்களூர்ச் சரக்கு, அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். பூண்டும் உப்பும் காய்ந்த மிளகாயும் நசுக்கி, துண்டு ஒவ்வொன்றையும் அதில் புரட்டி, மிளகாய்க்குள் திணித்தேன். அம்மா கடலைமாவில் ஓமம் போட்டுக் கரைத்து வைத்திருந்தாள். முக்கி எண்ணெயில் விட்டதும் சும்மா புஸ்ஸென்று பொங்கியது. பார்க்க எப்படி இருந்தது தெரியுமா? பொன் மாதிரி! கண் திறந்தவரைக்கும் பார்த்து நானே மயங்கிப்போனேன். மாமன் வாயில் வைக்கும் முன்னால் வீட்டுக்காரர்கள் வாயில் வைக்கக் கூடாது என்று அம்மாவின் உத்தரவு, இல்லாவிட்டால் ஒன்றைக் கடித்துப் பார்த்திருப்பேன்.

வாசலில் பலா மரத்தடியில் கூட்டம். கூட்டமென்றால் நாலு பேர்தான். ஊர்க்கவுண்டர் ரங்கசாமி, குப்பன் மாமா, அவர் முதுகுக்குப் பின்னால் தேவராஜ், எதிரே வெற்றிலைத் தட்டு வைத்துக்கொண்டு தன்னந்தனியாக அருணகிரி. மாமா ஏற்கெனவே ஆரம்பித்திருந்தார்.

"எங்க தாத்தன் காலத்துல, பெரியப்பன் ஒரு கெடேரி வாங்கப் போனாரு..."

பெண் கேட்கிற இடத்தில் கிடேரிக் கன்று எதற்கு என்று கேட்க ஒருவருக்கும் தைரியமில்லை. நான் தட்டைக் கொண்டுபோய் நடுவில் வைத்தேன். ரங்கசாமி கவுண்டருக்குப் பல் ஒன்றுகூட இல்லை, இடித்த வெற்றிலையோடு சரி. தேவராஜ் கையை நீட்டினான். "உனுக்குக் காரம் ஆவாதுடா" என்று மாமா தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அருணகிரிக்குத் தனித் தட்டு, அதில் கொஞ்சம் தாராளமாகவே வைத்திருந்தேன்.

மாமா ஒரு மிளகாயை முழுசாக வாய்க்குள் போட்டுக் கடித்தார். "ஆஹா, இன்னா ருசி!" என்றார். சொல்லிக்கொண்டே இன்னொன்றையும் போட்டார். பிறகுதான் உள்ளே இருந்த சூடு தெரிந்தது. கண் பிதுங்கியது. கையை ஆட்டினார். நான் ஓடிப்போய்ப் பானையிலிருந்து ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். எங்கள் ஊர்ப் பானைத் தண்ணீர் பல் கூசுகிற தண்ணீர். மடமடவென்று குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டு கிடேரிக் கதையை எடுக்கப் பார்த்தார். வாய் திறக்கவில்லை!

மேல்தாடை மேலே போகவில்லை, கீழ்த்தாடை கீழே வரவில்லை. விரலை விட்டு இழுத்தார். மஞ்சளாக ஏதோ நூல் மாதிரி வந்தது. எனக்கு ஒரே சந்தோஷம். நூல் நூலாக இழுக்கும் என்று அருணகிரி சொன்னானே, பக்குவம் சரியாக வந்திருக்கிறது!

"குப்பா, சொல்லு. கெடேரி இன்னா ஆச்சி?" என்றார் ரங்கசாமி கவுண்டர். மாமா கன்னத்தைப் பிடித்துக்கொண்டு கண்ணை உருட்டினார். பலா மரத்தில் அணில் ஓடுகிற சத்தம் கேட்டது. குப்பன் மாமா உட்கார்ந்திருக்கிற இடத்தில் அணில் சத்தம் கேட்டதாக இதுவரை சரித்திரமில்லை.

அந்த நேரத்தில் ஒரு குரல்.

"எனுக்கு அம்மாக்கண்ணு வேணாங்க."

எல்லோரும் சுற்றுமுற்றும் பார்த்தோம். "யாரு பேசனது?" என்றார் கவுண்டர்.

"நான்தாங்க. தேவராஜு."

"அட! உனுக்குப் பேச வருமா?"

"வருங்க. எடந்தான் கெடைக்கல."

மாமா திரும்பி மகனைப் பார்த்த பார்வை இருக்கிறதே! வாய் மட்டும் திறந்திருந்தால் பையன் அன்றைக்கு அடிவாரத்துக்கே ஓடியிருப்பான்.

"ஏன்டா வேணாம்?" என்றார் கவுண்டர்.

"பயமா கீதுங்க. சின்னப் புள்ளையா இருக்கசொல்ல ஒரு தபா இவ பங்கு நாவப்பழத்தத் துன்னுட்டேன். என்னை மரத்துமேல ஏத்தி வுட்டு, கீய கல்ல வெச்சிக்கினு நின்னா. பொழுது சாயற வரிக்கும் எறங்க வுடல. ரொம்பக் கோவக்காரிங்க."

அடப்பாவி! இத்தனை வருஷம் வாயே திறக்காதவன், திறந்ததும் முதல் காரியமாக என் மானத்தை வாங்குகிறான்! எண்ணெய் சொட்டுகிற ஜல்லிக்கரண்டியோடு நான் கூட்டத்துக்கு நடுவில் போய் நின்றேன்.

"யாருடா கோவக்காரி? எங்க, என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு! வாடா இங்க!"

தேவராஜ் பலா மரத்தில் பாதி ஏறிவிட்டான். ரங்கசாமி கவுண்டர் பொக்கை வாய் முழுக்கச் சிரித்தார்.

"ஆவட்டும். கட்டிக்கப் போறவனே வேணாங்கறான். அதுக்குமேல மாமன் விட்டுக் குடுக்கறதுக்கு இன்னா கீது? மாமன் பாத்தியம் இன்னியோட தீந்துபோச்சி" என்றார்.

மாமா ரெண்டு கையையும் ஆட்டினார், தரையைத் தட்டினார், எழுந்து குதித்தார். கவுண்டர் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. இத்தனை வருஷம் கேட்டது போதும் என்று நினைத்திருப்பார். எனக்கோ, பூமியில் கால் பாவவில்லை.

அப்போது அம்மா வீட்டுக்குள்ளிருந்து ஒரு இலைச் சுற்றை மூக்குக்குத் தூரமாகப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"இது இன்னாடி, பரண்மேல? நம்ம மெழுகக் காணோம், இது இன்னாத்தையோ நாத்தமடிக்குது."

என் கண் அப்போதுதான் முழுசாகத் திறந்தது. அம்மா கையில் சீஸ். அப்படியானால் மாமா வாயில்? ஐயோ, தேன்மெழுகு! அதைச் சூடாகத் தின்னவைத்து, மேலே பச்சைத் தண்ணீரும் ஊற்றி, மாமாவின் பல்லை நானே பூசி அடைத்திருக்கிறேன். சிரிப்புப் பொங்கிக்கொண்டு வந்தது. அடுத்த நொடி அது நின்றுபோனது. அருணகிரியின் தட்டு காலியாக இருந்தது.

தினமும் அந்தச் சீஸைக் கையால் அறுக்கிறவன் அவன். முதல் கடியிலேயே தெரிந்திருக்கும். துப்பியிருக்கலாம். சீஸ் எங்கே என்று கேட்டிருக்கலாம். கேட்டால் நாலு பேர் முன்னால் எனக்குத்தான் தலைகுனிவு. அதற்காக ஒன்று விடாமல் மென்று முழுங்கி, கன்னம் உப்பி, கண்ணில் நீர் கட்ட உட்கார்ந்திருக்கிறான். பக்கத்தில் காலிச் சொம்பு வேறு.

கவுண்டர் அவன் பக்கம் திரும்பினார். "பாத்தியாப்பா, பொண்ணு இதான். கையில கரண்டிய வெச்சிக்கினு நிக்கிறா. அவன் சொன்னது பொய்யில்லன்னு நீயே பாத்துட்ட. இப்பவும் வேணுமா? வாயத் தொறந்து சொல்லிடு, முடிச்சிடலாம்."

அருணகிரி வாயைத் திறக்கப் பார்த்தான். கழுத்து நரம்பு புடைத்ததுதான் மிச்சம்.

"இன்னாப்பா?"

என் மாமன் வாயை அடைத்த கை, எனக்குச் சரி சொல்ல வேண்டிய வாயையும் சேர்த்து அடைத்துவிட்டதே! நான் குறுக்கே பேசினால் அவன் சொன்னதாகுமா? அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். மாமா முகத்தில் முதல்முறையாக வெளிச்சம் வந்தது. அருணகிரியைக் காட்டி, 'பார், பார், தயங்குகிறான்' என்று கையாலேயே பிரசங்கம் செய்தார்.

"யோசிக்கறான் போலக்கீது," என்றார் கவுண்டர். "யோசிக்கிறவன் கையில பொண்ணப் புடிச்சிக் குடுக்கறது சரியா வராது. இன்னொரு நாளைக்குப் பாக்கலாம்." துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

அருணகிரியும் எழுந்தான். நேராக மாமாவின் முன்னால் போனான். தட்டில் மீதியிருந்த மிளகாய் ஒன்றை எடுத்தான். காவலூர்ச் சமையற்கட்டு ஆள், அதற்குள் என்ன இருக்கிறது என்று நன்றாகத் தெரிந்தவன், என் முகத்தையே பார்த்துக்கொண்டு, மூடிக்கிடந்த உதட்டை விரலால் பிளந்து, அதை முழுசாகக் கன்னத்துக்குள் திணித்து, ஒட்டின பல்லோடு மெல்லப் பாடுபட்டான்.

ஒட்டிக்கிடந்த வாயில் இன்னொன்றையும் போடுகிறவனைப் பார்த்ததும் கவுண்டருக்கு விஷயம் விளங்கிவிட்டது. துண்டை எடுத்து மறுபடி கீழே விரித்து உட்கார்ந்தார். "வெத்தல எடுத்தாம்மா. இதுக்குமேல வாயால வேற சொல்லணுமா?" என்றார் அம்மாவிடம்.

அருணகிரி சொம்புக்குக் கை நீட்டினான். "அய்யோ, பச்சத் தண்ணி குடிக்காத! இன்னும் இறுகிக்கும். இரு, வெந்நி வெக்கிறேன்!" என்று நான் கரண்டியை எறிந்துவிட்டு அடுப்புக்கு ஓடினேன். மாமா தனக்கும் ஒரு சொம்பு என்று என் பின்னாலேயே வந்து விரலைக் காட்டினார். நாள் குறித்து, தட்டு மாற்றி முடிகிறவரைக்கும் அவர் பொறுத்துக்கொள்ளட்டும் என்று ஒரே ஒரு சொம்புதான் வைத்தேன்.