மாமனார் ஊட்டிய கேரட்

போட்டி மைதானத்தில் மருமகளின் தலை தெரிந்தாலே குதிரைக்காரர்கள் வாளிகளைப் பிரித்து வைக்க ஓடுவார்கள். காலையும் மாலையும் ஒவ்வொரு குதிரைக்கும் காய்ச்சல் பார்த்துப் பதிவேட்டில் எழுதுவது அவள் வேலை. ஒரு குதிரையின் வாளியை இன்னொன்றுக்கு நீட்டியவனை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவாள். முதுகுக்குப் பின்னால் அவளுக்குக் 'காய்ச்சல்காரி' என்று பெயர். அதை வைத்த புண்ணியவான் வேறு யாருமில்லை, போட்டிக் குழுத் தலைவராக இருந்த அவளுடைய மாமனார்தான். இந்தப் போட்டியை நடத்த ஒரு வருஷமாக நாயாய்ப் பேயாய் அலைந்த மனிதர் அவர்.

போட்டியன்று காலையில் வெள்ளைக் குதிரைக்குக் காய்ச்சல் கொதித்தது. டாக்டர் ஓடி வந்தார்.

"ஒட்டுற காய்ச்சல் இது. இது கூட வேற எந்தக் குதிரையாவது பழகிச்சா?"

மருமகள் பதிவேட்டை விரித்தாள். தனி வாளி, தனிக் கயிறு. இரண்டு பக்கத்துக் கொட்டடியும் காலி.

"அப்போ இதை மட்டும் ஒதுக்கிட்டா போதும். போட்டியை நடத்திக்கலாம்" என்று சொல்லிவிட்டு டாக்டர் கை கழுவப் போனார்.

மாமனாருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து சொல்லாததை அன்றைக்குச் சொன்னார்: "நீ இல்லேன்னா என் மானமே போயிருக்கும்மா." அவளுக்குத் தலைகால் புரியவில்லை. அவர் அத்தோடு வாயை மூடியிருக்கலாம்.

"பாவம் அந்த வெள்ளை. நேத்து சாயங்காலம்கூட கேரட்டை ஆசையாக் கடிச்சுது."

"யார் குடுத்த கேரட் மாமா?"

"நான்தான். பையில ஒண்ணுதான் இருந்துது. எந்தக் குதிரைக்கும் மனசு சங்கடப்படக் கூடாதுல்ல? ஆளுக்கு ஒரு கடி."

"வெள்ளைக்கு எப்போ குடுத்தீங்க?"

"முதல்ல. எல்லாத்தையும் விட ரொம்பத் தூரத்துலேருந்து வந்த விருந்தாளியாச்சே."

அவள் பேனா அப்படியே நின்றது. டாக்டர் காதில் எதுவும் விழவில்லை. எழுதாமல் விட்டால் போட்டி நடக்கும், மாமனார் மெச்சிய மருமகளாகவும் காலம் தள்ளலாம். எழுதினால் இவருடைய ஒரு வருஷ உழைப்பும் மண்ணாகும், சாப்பாட்டு மேஜையில் இவர் முகத்தில் எப்படி விழிப்பது? ஆனால் வந்த குதிரைகளெல்லாம் நோயோடு ஊர் ஊராகத் திரும்பிப் போகுமே என்று நினைத்ததும் பேனாவை மறுபடி தாளில் வைத்தாள்.

"ஒரு கடிதானேம்மா" என்றார் மாமனார், குரல் இறங்கி.

"எழுதணும் மாமா."

அவர் கொட்டடி வரிசையின் பக்கம் திரும்பினார். பிறகு வெள்ளையில் தொடங்கிக் கடித்த வரிசைப்படியே ஒவ்வொன்றாகச் சொன்னார். கடைசியாகத் தன் சொந்தக் குதிரையையும் சொன்னார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே எழுதினாள்.

"அவ்வளவுதானே மாமா?"

"இன்னும் ஒண்ணு இருக்கு." அவர் தலையைச் சொறிந்தார். "அடித்துண்டு கொஞ்சம் மிஞ்சிப் போச்சு. வீணாப் போகுதேன்னு நானே தின்னுட்டேன்."

அழுதுகொண்டிருந்தவளுக்குச் சிரிப்பு பீறிட்டது. அடக்கிக்கொண்டு, குதிரைகளுக்குக் கீழே 'குழுத் தலைவர்' என்று எழுதி, பக்கத்தில் காய்ச்சலுக்கான கட்டத்தைக் காலியாக விட்டு, தெர்மாமீட்டரோடு நிமிர்ந்தாள். குதிரைக்கு அதை வாயில் வைப்பதில்லை, வாலுக்கடியில்தான் என்பது மாமனாருக்கு நன்றாகத் தெரியும்.

"போட்டி கிடையாதுன்னு நானே சொல்லிட்டு வரேன்" என்றவர், அதற்குள் மைக்கை நோக்கிப் பாதி தூரம் போயிருந்தார்.