ஓம் என்று ஒரு பதில்

டென்மார்க்கின் ஹோர்சன்ஸ் நகரில் நான் வேலை செய்யும் பண்டகசாலையில் பெட்டி ஒட்டும் மேசைக்கு இரண்டு பேர். ஒருத்தி நான், மார்கிரட், யாழ்ப்பாணத்தாள். மற்றவர் சொஹ்ரா அக்கா, துனிசியாவின் மலைக் கிராமம் ஒன்றிலிருந்து வந்தவர். எங்களுக்குள் டேனிஷ்தான். அதையும் ஆளுக்கொரு விதமாகக் கடித்துத் துப்புவோம்.

அக்காவின் தாய்மொழி அரபு அல்ல. வட ஆப்பிரிக்காவின் பழைய பெர்பர் மொழிகளில் சின்னஞ்சிறியது ஒன்று. அவர்களுடைய ஊருக்கு மட்டுமே உரியது. ஊர்ப் பிள்ளைகள் அரபுக்கு மாறிப் பல காலம், முதியவர்களும் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். அதைப் பேச அவருக்கு மிஞ்சியிருந்தது ஊரிலிருந்த தங்கை மட்டும். இடைவேளைதோறும் போனில் கதைப்பார்கள். மாசியில் தங்கை இறந்துபோனார். செய்தி சொன்ன உறவுக்காரன், இனி அந்த மொழியும் செத்ததுதான் என்றானாம்.

"அப்ப நான் என்ன பிணமா?" என்று அக்கா என்னிடம் கேட்டார். எனக்கும் கோபம் பற்றிக்கொண்டது.

அன்றிலிருந்து அவர் வேலை நேரம் முழுவதும் தன் மொழியிலேயே உரக்கப் பேசினார். பெட்டியிடம், ஒட்டுநாடாவிடம், வெளியே பெய்யும் மழையிடம். பக்கத்தில் ஒருவர் கதைத்தால் எங்கள் யாழ்ப்பாணத்து ஆட்களுக்கு, ஆமாம் என்கிற 'ஓம்' போடாமல் இருக்க வராது. ஒரு சொல்லும் விளங்காமலே நானும் ஓம், ஓம் என்று போட்டுக்கொண்டிருந்தேன்.

மேற்பார்வையாளர் நீல்ஸுக்கு அது பொறுக்கவில்லை. தனக்குத்தானே பேசுகிறவரை மெஷினுக்குப் பக்கத்தில் நிற்க விடமுடியாது, ஒன்றில் வாயை மூடவேண்டும், இல்லையென்றால் வீட்டுக்குப் போகவேண்டும் என்றார். அக்காவின் முகம் வெளுத்தது. மூடினால் வேலை மிஞ்சும், மொழி போய்விடும்.

"அவர் என்னோடுதான் பேசுகிறார்," என்றேன் டேனிஷில். பச்சைப் பொய். ஞாயிற்றுக்கிழமை சபையில் சாட்சி சொல்கிற வாய் இது, கொஞ்சமும் கூசவில்லை.

அப்படியென்றால் தன் முன்னால் பேசிக் காட்டுங்கள் என்றார் நீல்ஸ்.

அக்கா நிமிர்ந்து நின்றார். என்னைப் பார்த்துத் தன் மொழியில் நீளமாக ஏதோ கேட்டார். நான் தமிழில் பதில் சொன்னேன்.

"ஓமக்கா. இந்த மனுசனுக்கு வேற வேலையில்லை. நீங்கள் கதையுங்கோ, நான் கேக்கிறன்."

அக்கா சரியான இடத்தில் சிரித்தார். நீல்ஸ் எங்களை மாறிமாறிப் பார்த்துவிட்டு, இரண்டும் ஒரே மொழி என்று நம்பிக்கொண்டு போய்விட்டார்.

வேலை முடிந்து பஸ் தரிப்பிடத்தில், அப்போது என்ன கேட்டீர்கள் என்றேன்.

"என்னுடைய அடக்கத்தில் இந்த மொழியில் நாலு வார்த்தை பேச ஆள் வேண்டும், நீ பேசுவாயா என்று கேட்டேன். நீ ஓம் என்றாய். அந்தச் சொல் எனக்குத் தெரியும்."

ஐம்பது கடந்தவள் நான். புது மொழி படிக்கிற வயதா இது? ஆனாலும் போட்ட ஓமைத் திருப்பி வாங்க எனக்கு மனமில்லை.

பஸ் வருவதற்குள் முதல் சொல்லைக் கேட்டுப் பாடமாக்கினேன். 'மாட்டேன்' என்பதற்கான சொல். நாளைக்கு நீல்ஸ் வந்து வாயை மூடச் சொன்னால் இரண்டு பேராகச் சொல்லலாம்.