வேலிக்கதவில் ஆறிய காபி

பெண் கேட்டு வருகிறவர்கள் எங்கள் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துதான் கேட்க வேண்டும் என்று அப்பா பிடிவாதமாக இருந்தார். வேலி போட்ட ஆக்கிரமிப்பு ராணுவத்தார் ஊர் முழுவதையும் ஒரு பக்கம் வைத்துவிட்டு, எங்கள் வீட்டையும் கொய்யாத் தோப்பையும் மட்டும் இந்தப் பக்கம் விட்டிருந்தார்கள். வேலிக்கதவு காலை, நண்பகல், மாலை என்று கொஞ்ச நேரம் திறக்கும். அப்பா, அக்கா ருதைனா, நான் ஆகிய மூவருக்குத்தான் அதைக் கடக்க அனுமதி. அம்மா இருந்தவரை நால்வர்.

காலையில் கதவு திறப்பதற்குள் பள்ளிக்கூடத்தில் முதல் பாடம் முடிந்திருக்கும். தினமும் தாமதமாகப் போய், எல்லோரும் திரும்பிப் பார்க்க என் இடத்துக்கு நடப்பது என்னால் முடியவில்லை. எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டேன். அதன்பிறகு என்னோடு பேச ருதைனா ஒருத்திதான். அவள் பேசுவாள், நான் கேட்பேன். வீடு நிறைந்த மாதிரி இருக்கும்.

மாப்பிள்ளை நிஹாதுக்கு வேலிக்கு அந்தப் பக்கம், கல்கீலியா நகரில் டயர் கடை. ஓர் உறவுக்காரர் கல்யாணத்தில் ருதைனாவைப் பார்த்திருந்தான். அவளுக்கும் பிடித்திருந்தது, அப்பாவுக்கும் பிடித்திருந்தது. அவன் வீட்டுப் பெரியவர்கள் எங்கள் வீட்டுக்கு வர அனுமதி கேட்டு அப்பா குளிர்காலத்திலேயே எழுதிப் போட்டார். வசந்தத்தில் பதில் வந்தது. கேட்டவர்களில் ஒருவருக்கு மட்டும் அனுமதி. அவர் நிஹாதின் தாத்தா. இரண்டு மாதத்துக்கு முன்பே இறந்துபோயிருந்தார்.

"பரவால்ல, அவர் ஒருத்தராவது தடையில்லாம வரட்டும்" என்றாள் ருதைனா. நாங்கள் மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தோம். சிரித்து முடித்த பிறகு அவள் ஒரு தலையணை உறையை வெகுநேரம் உதறினாள். கல்யாணமானால் அவள் விலாசம் மாறிவிடும், இந்தப் பக்க அனுமதி போய்விடும், அதன்பின் பிறந்த வீட்டுக்கு வருவதற்கும் அந்தத் தாத்தா மாதிரி எழுதிக் கேட்டுத்தான் வர வேண்டும் என்று சொன்னாள்.

"நீ வேலிக்கு வா ஸஜா. அங்க நின்னு கத்திப் பேசு. உன்ன ஊமைன்னு சொல்றவங்க வாய அடைக்கலாம்."

நான் கிளிப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தேன். அவள் போக வேண்டும் என்றும் நினைத்தேன், போகக் கூடாது என்றும் நினைத்தேன்.

நிஹாதின் பெரியப்பா அபூ வஜீஹ் ஆள் அனுப்பினார். கூடத்துக் கம்பளத்தைக் கதவருகே கொண்டுவந்து விரித்தால் அதையே வீடாக எண்ணிக்கொள்கிறோம், அதற்கும் சம்மதமில்லை என்றால் பேச்சை இத்தோடு விட்டுவிடலாம் என்று சொல்லியிருந்தார். ஒரு வாரம் கழித்து ஒருநாள் காலையில் பார்த்தால், அப்பா கம்பளத்தைக் கொய்யா மரத்தில் போட்டுத் தடியால் அடித்துக்கொண்டிருந்தார்.

அன்று நண்பகல் கதவு திறந்தது. அந்தப் பக்கம் கோட்டு போட்ட ஆண்கள் வெயிலில் வரிசையாக நின்றார்கள். இந்தப் பக்கம் கம்பளமும் பிளாஸ்டிக் நாற்காலிகளும் அப்பாவும். வழக்கப்படி ருதைனா வீட்டிலேயே இருந்தாள். காபிச் செம்பைக் கதவுக் காவலில் நின்ற சிப்பாய் வாங்கித் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு என்னிடம் திருப்பிக் கொடுத்தான். நான் ஊற்றினேன். கிண்ணங்கள் கைமாறி அந்தப் பக்கம் போயின. அபூ வஜீஹ் தன் கிண்ணத்தைச் சிமெண்டுக் கட்டைமேல் வைத்தார். கேட்க வந்தது கிடைக்கும்வரை பெரியவர் குடிக்க மாட்டார். அவர் குடிக்காமல் மற்றவர்களும் குடிக்க மாட்டார்கள்.

அவர் பேசத் தொடங்கினார். இறைவனைப் புகழ்ந்தார், தன் பாட்டனாரைப் புகழ்ந்தார், எங்கள் பாட்டனாரைப் புகழ்ந்தார். மழை பொய்த்த ஒரு வருஷம் எங்கள் பாட்டனார் அவர்களுக்குக் கோவேறு கழுதை இரவல் கொடுத்ததை விவரமாகச் சொன்னார். நிஹாத் அவர் கோட்டைப் பின்னாலிருந்து இழுத்தான்.

"கழுதைய அப்புறம் கட்டிக்கலாம் பெரியப்பா, பொண்ணக் கேளுங்க."

அவர் ஒருவழியாகக் கேட்டு முடித்தபோது சிப்பாய் நேரம் முடிந்தது என்று கதவைத் தள்ளிச் சாத்தினான். இப்போது கம்பி வலை வழியாக எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள். அவர் சொல்ல வேண்டியது ஒரே ஒரு வரி. சொல்லவில்லை. அவர் ருதைனா இருந்த வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. தட்டோடு நின்ற என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா போனபின் எனக்கு யார் என்று யோசிக்கிறார் என்பது எனக்குப் புரிந்தது.

அபூ வஜீஹின் முகம் இறுகியது. அவர் கைத்தடியை ஊன்றித் திரும்பிப் போகப் பார்த்தார்.

"காபியக் குடிங்க மாமா" என்றேன். என் குரல் எனக்கே யாருடையதோ போல் இருந்தது. "நீங்க கேட்டு வந்தது கெடச்சாச்சு."

ஆண்கள் கூடிய இடத்தில் ஒரு பெண், அதுவும் வீட்டின் சின்னப்பெண், அந்த வரியைச் சொல்லி யாரும் கேட்டதில்லை. பின்வரிசையில் ஒருவன், ஊமை என்று சொன்னார்களே என்று முணுமுணுத்தான். அபூ வஜீஹ் அப்பாவைப் பார்த்தார்.

"அவ சொன்னா நான் சொன்ன மாதிரிதான்" என்றார் அப்பா.

பெரியவர் ஆறிப்போன காபியை ஒரே மடக்கில் குடித்தார். வேலியின் இரண்டு பக்கமும் கைகளை ஏந்தி, சம்பந்தத்தை உறுதிசெய்யும் ஃபாத்திஹா ஓதினார்கள். கிண்ணங்கள் அந்தப் பக்கமே தங்கிவிட்டன.

கோடையில் ஊரில் கல்யாணம் நடந்தது. அன்று மாலை அப்பாவும் நானும் கதவுக்குத் திரும்பினோம். சிப்பாய் அப்பாவின் அட்டையைப் பார்த்தான், என் அட்டையைப் பார்த்தான், பிறகு எங்களுக்குப் பின்னால் பார்த்தான்.

"காலைல மூணு பேர் போனீங்க. இன்னொருத்தி எங்க?" என்று தனக்குத் தெரிந்த அரபியில் கேட்டான்.

அப்பா குனிந்து செருப்பைச் சரிசெய்தார்.

"அவ வரமாட்டா" என்றேன்.

வீட்டுக்கு நடக்கும்போது அப்பா பேசுவார் என்று நினைத்தேன். நான் பேசுவேன் என்று அவரும் நினைத்திருக்கலாம். மொட்டைமாடிக் கொடியில், முந்தின நாள் ருதைனா துவைத்துப் போட்ட துணிகள் அப்படியே கிடந்தன. எல்லாவற்றையும் எடுத்து மடித்தேன். அவள் வீட்டில் போடும் நீலச் சட்டையை மட்டும் விட்டுவைத்தேன். அது அங்கே ஆடிக்கொண்டிருந்தால், கதவிலிருந்து பார்க்கிறவர்களுக்கு மாடியில் ஒருத்தி நிற்கிற மாதிரி தெரியும்.