மாமா ஊற்றிய மழை

சாலிஹ் கல்முனை நீர்ப்பாசனக் கந்தோரில் வரைபடம் வரைபவன். மலையில் பெய்யும் மழை எந்த ஓடை வழியே வந்து, வயலில் எப்படிப் பரந்து, எங்கே கடலில் விழுகிறது என்று தாளில் கோடு போட்டு அவனுக்கு அலுத்துவிட்டது. தண்ணீரையே ஓடவிட்டுப் பார்க்க ஆசைப்பட்டான். ஐம்பத்தேழாம் ஆண்டுக் கோடையில், சாய்ந்தமருதில் தன் வீட்டு முற்றத்தில் களிமண்ணைக் குழைத்து, மேற்கே மலை, நடுவே குளங்கள், பிறகு வயல்வட்டை, ஊர், கடற்கரை என்று எல்லாவற்றையும் மேடுபள்ளம் பிசகாமல் சிறிதாகச் செய்தான். நெல் காயவைக்க இடமில்லாமல் போனதால் அவன் மனைவி ஸம்ஸியா கொஞ்சநாள் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. பிறகு அந்த மலையில் பூவாளியால் முதல் மழையைப் பெய்வித்தவளும் அவள்தான்.

அந்த மழையில்தான் தொல்லை தொடங்கியது. அவளுடைய வாப்பா ஆதம்பாவா, இளைய மகள் ஸகியாவுக்குச் சீதனமாக வட்டை ஓரத்தில் வீடு கட்ட அத்திவாரம் போட்டிருந்தார். மாரி முடியக் கலியாணம். வழக்கமான மழைக்கு அந்த இடம் நனையவில்லை. ஆனால் யாரும் கண்டிராத பெருமழை ஒன்றைச் சாலிஹ் கணக்கிட்டு ஊற்றச் சொன்னபோது, அந்த வீடு என்று வைத்திருந்த தீப்பெட்டி மிதந்து போனது.

விஷயத்தைச் சொன்னதும் ஆதம்பாவாவுக்குக் கோபம் வந்துவிட்டது. மூத்த மருமகனுக்குப் பொறாமை என்று அக்கம்பக்கத்தில் சொல்லியும் விட்டார். ஸம்ஸியாவால் அதைத் தாங்க முடியவில்லை. வாப்பாவைக் கையோடு கூட்டிவந்து முற்றத்தில் நிறுத்திப் பூவாளியை நீட்டினாள்.

“நீங்களே ஊத்திப் பாருங்க வாப்பா.”

அவர் ஊற்றினார். தீப்பெட்டி மிதந்தது. கையை மாற்றி ஊற்றினார். மறுபடியும் மிதந்தது. வெகுநேரம் குந்தியிருந்து பார்த்தார்.

“இப்பிடி மழை வருமெண்டா சொல்றீங்க மருமகன்?”

“வருமெண்டு சொல்லல்ல மாமா. வந்தா இப்பிடித்தான் ஓடும்.”

அடுத்த கிழமை அத்திவாரம் இடுப்பளவு உயர்ந்தது. உள்ளே போக ஏணி கொடுப்பாரா என்று கேட்டு ஊர் சிரித்தது.

மார்கழியில் பிடித்த மழை விடவேயில்லை. ஒரு விடியலில் சாலிஹின் வீட்டுக்குள் தண்ணீர் கட்டில் உயரத்துக்கு நின்றது. முற்றத்து மலைகள் கரைந்துபோயின. ஊற்றிப் பார்த்த எந்த மழைக்கும் இந்த வீடு நனைந்ததில்லை. ஸம்ஸியாவைப் பிடித்துக்கொண்டு நெஞ்சளவு தண்ணீரில் நடந்த சாலிஹுக்கு, வெள்ளத்தைவிட அந்தப் பிழைதான் வருத்தமாக இருந்தது.

ஸகியாவின் புதுவீட்டில் தண்ணீர் மேல்படியோடு நின்றுவிட்டது. அயல் முழுவதும் அங்கே ஏறியிருந்தது, சிரித்தவர்கள் உட்பட. ஆதம்பாவா மருமகனுக்குக் கைகொடுத்து ஏற்றினார்.

“உங்கட ஊட்டுக்கு ஊத்திப் பாக்க மறந்திட்டீங்களோ?”

சாலிஹுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து ஓய்ந்தபோது பிழை பிடிபட்டது. முற்றத்தில் அவன் முகத்துவாரத்தைத் திறந்தே வைத்திருந்தான். இங்கே கடல் மண்ணை ஏற்றி அதை அடைத்திருந்தது. மண்திட்டை எங்கே வெட்டுவது என்று வலைகாரர்களும் வயல்காரர்களும் இழுபறிப்பட்டுக்கொண்டிருந்தார்கள். பள்ளம் எந்தப் பக்கம் என்று அவன் சொன்ன இடத்தில் இரு தரப்பும் மண்வெட்டி போட்டார்கள். பின்னேரத்துக்குள் தண்ணீர் இரைந்துகொண்டு கடலில் பாய்ந்தது.

வெட்டியவர்களில் மாப்பிள்ளை காலிதீனும் ஒருவன். சேறும் சகதியுமாக அவன் படியேறி வந்தபோது ஆதம்பாவா வீட்டைச் சுற்றிப் பார்த்தார். விருந்தாளிகள் அனைவரும் இருந்தார்கள். நிக்காஹ் ஓதிவைக்கும் லெப்பையும் மூலையில் ஈரத் தொப்பியைப் பிழிந்துகொண்டிருந்தார். அடுப்பில் பெரிய சட்டியில் சோறு கொதித்தது. இனி யாரைக் கூப்பிட வேண்டும் என்று கேட்டார். மறுநாளே நிக்காஹ் என்று முடிவாயிற்று.

ஸகியாவின் பட்டுச்சேலை மட்டும் நனைந்து சாயம் போயிருந்தது. மருதமுனைத் தறிக்காரி நதீரா, சேலை விற்க வந்த இடத்தில் வெள்ளத்தில் அகப்பட்டு, தலைச்சுமையோடு அங்கே ஏறியிருந்தாள். மூட்டையை அவிழ்த்து, சிவப்புக்கரை வைத்த சேலை ஒன்றை உதறி விரித்தாள்.

“இது நனையல்ல புள்ள. உடுத்திக்க.”