நாக்குக்கு அடியில்

தையல்காரியின் கணவனுக்கு முதுகுவலி. கேட்டபோதெல்லாம் அள்ளிக் கொடுத்த வலி மாத்திரையை ஒருநாள் திடீரென்று நிறுத்திவிட்டார்கள். புதுச் சட்டமாம். சட்டம் போட்ட புண்ணியவான்கள் யாரும் அந்த மனிதனோடு ஒரே வீட்டில் இருந்ததில்லை. மாத்திரை இருந்தவரை அதன் போதையில் சுருண்டு கிடந்தவன், அது நின்றதும் கையை ஓங்க ஆரம்பித்தான். போன மாதம் அவள் மணிக்கட்டை முறுக்கி உடைத்தான்.

உடைந்த கைக்கு மருத்துவர் அதே மாத்திரையை எழுதிக் கொடுத்தார். வாங்கி வந்ததும் அவன் பிடுங்கி விழுங்கிவிட்டான். வலி அவளுக்கு, மாத்திரை அவனுக்கு. ஆனாலும் அன்று வீடு அமைதியாக இருந்ததால் அவள் வாயைத் திறக்கவில்லை.

பிறகு அதற்கும் ஒரு சட்டம் வந்தது. தினம் ஒரு மாத்திரைதான். நோயாளியே மருந்துக்கடைக்கு நேரில் வந்து, கடைக்காரர் கண்ணெதிரே விழுங்க வேண்டும். தையல்காரி மாத்திரையை நாக்குக்கு அடியில் ஒதுக்கிக்கொண்டு தண்ணீரை மட்டும் குடித்தாள். அவனிடம் கொடுக்க, தினமும் அது கரைவதற்குள் வீட்டுக்கு நடந்தாள். வழியில் தெரிந்தவர்கள் நலம் விசாரித்தால் வெறும் தலையாட்டல்தான். திமிர் பிடித்தவள் என்று பேசிக்கொண்டார்கள். போகப்போக விசாரிப்பதையும் விட்டுவிட்டார்கள். இத்தனை பேர் நடுவில் தனக்கென்று ஒருவரும் இல்லையே என்று அழுகை வரும். வாய்விட்டு அழவும் வழியில்லை.

அன்று கடையில் கூட்டமில்லை. மருந்துக்கடைக்காரி டம்ளரை வாங்கி வைத்துவிட்டு அவளையே பார்த்தாள். வாயைத் திறந்து காட்டச் சொல்லப்போகிறாள் என்று தையல்காரி வாசல் பக்கம் திரும்பினாள்.

"கை எப்படிம்மா உடைஞ்சுது?"

கேட்டுவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

தலையாட்டிச் சமாளிக்கிற கேள்வியா இது? தன்னை உட்காரவைத்து ஒருவர் இப்படிக் கேட்டு எவ்வளவு காலமாயிற்று! தையல்காரி ஸ்டூலில் உட்கார்ந்தாள். மாத்திரை கசந்து கரையத் தொடங்கியிருந்தது. வீட்டில் அவன் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். இதை விழுங்கிவிட்டு அங்கே திரும்பிப் போனால் இன்னொரு கையும் மிஞ்சாது.

விழுங்கினாள்.

"கொஞ்சம் தண்ணி குடுங்கக்கா, சொல்றேன்," என்றாள். "ஆனா இனிமே நான் அந்த வீட்டுக்குப் போக முடியாது."

ஆரம்பத்திலிருந்து எல்லாவற்றையும் சொன்னாள். கடைக்காரி குறுக்கே பேசாமல் கேட்டாள். பிறகு போனை எடுத்து, பெண்கள் தங்கும் விடுதியில் இடம் இருக்கிறதா என்று விசாரிக்கத் தொடங்கினாள். தையல்காரி ஸ்டூலில் காத்திருந்தாள். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கை வலிக்கவில்லை.